திருகோணமலைக்கு இரண்டு நாள்

கடந்த ஆண்டு பங்குனி மாதக் கூட்டம் அது. நான் பணிபுரியும் வாகரைப் பிரதேசத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில், மாதர் சங்கக் கட்டடத்தின் விறாந்தையில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். சேமிப்புப் புத்தகங்கள் எல்லாம் பதிந்து முடிந்த பின்னர், தலைவி அக்கா ஒரு கேள்வியைக் கேட்டார்.

"மிஸ், இந்த முறை லாபக் காசைப் பிரிக்காம, எல்லாரும் சேந்து எங்கயாவது போயிட்டு வந்தா என்ன?"

இருபத்தாறு பெண்கள். அவர்களில் பதினேழு பேர் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மூலையிலிருந்து ஒரு குரல், "எங்களுக்கென்ன சுற்றுலா? சனம் சிரிக்கும்" என்றது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஓய்வு நேரம் பற்றி ஒரு பாடம் இருந்தது. உழைப்பு நேரம், ஓய்வு நேரம் என்று இரண்டு பத்திகளாக அட்டவணை போட்டுக் குறிப்பெடுத்தது நினைவிருக்கிறது. இந்தப் பெண்களின் நாளை அந்த அட்டவணைக்குள் போட முயன்றால் இரண்டாவது பத்தி வெறுமையாகவே இருக்கும். அதிகாலையில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பதும் உழைப்பு. மாலையில் வலை பின்னுவதும் உழைப்பு. கணவனை இழந்தவளோ வீட்டைவிட்டு வெளியே போவதற்கு ஒரு காரணம் சொல்லவும் வேண்டும். வைத்தியசாலைக்கு என்றால் ஏற்றுக்கொள்வார்கள். கோயிலுக்கு என்றாலும் பரவாயில்லை. கடலைப் பார்க்க, காற்று வாங்க, சிரிக்க என்று சொன்னால் அன்றிலிருந்து கதை தொடங்கும்.

எங்கே போவது என்பதில் நுவரெலியா என்றார்கள், கண்டி என்றார்கள், கதிர்காமம் என்றார்கள். பஸ் வாடகையைக் கணக்குப் பார்த்ததும் மலைநாடு தானாகவே தள்ளிப்போனது. இறுதியில் திருகோணமலை என்று முடிவானது. "அங்க நாங்க எல்லாரும் போயிருக்கிறந்தானே" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அப்படியானால் எதற்காகப் போனீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஆசுபத்திரிக்கு. கச்சேரிக்கு. விசாரணைக்கு. தடுப்பில் இருந்த தம்பியைப் பார்க்க. முகாமில் இருந்த அம்மாவைப் பார்க்க. இருபத்தாறு பேரில் நான்கு பேர் மட்டுமே கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தனர். மற்றவர்கள் அந்த நகரின் கதிரைகளையும் வரிசைகளையும் மட்டுமே கண்டிருந்தனர்.

அன்றே திட்டமிடத் தொடங்கினோம். ஒரு இரவு, இரண்டு பகல். இதனை வாசிக்கும் உங்கள் சங்கமும் இப்படியொரு பயணத்தை யோசித்தால் பயன்படக்கூடும் என்பதற்காக, நாங்கள் எப்படிப் பேசி எப்படி முடிவெடுத்தோம் என்பதை இங்கு எழுதுகின்றேன்.

முதலில் காலம். திருகோணமலையில் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டும். அந்த வாடைக் காலத்தில் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதியானது. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று உடலைச் சுடும். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையையும் பார்த்து ஆவணி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறைத் தெரிவு செய்தோம்.

தேதி சொன்னதும் இளம் பெண் ஒருத்தி தலையைக் குனிந்தபடி, "அந்தக் கிழமை எனக்குத் துடக்கு வரும்" என்றாள். உடனே இன்னும் மூவர், தங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். எந்தத் தேதியை மாற்றினாலும் யாராவது சிலருக்கு அப்படித்தானே வரும்! கோயிலை மட்டும் மையமாக வைத்துத் திட்டமிட்டால், அந்த நான்கு பேரும் பஸ்ஸுக்குள் இருந்து பொருட்களுக்குக் காவல் காக்க வேண்டியதுதான். இதுவரை நடந்த கோயில் பயணங்கள் எல்லாவற்றிலும் நடந்ததும் அதுவே. எனவே கோயிலுக்குப் போகாதவர்களுக்கும் அதே நேரத்தில் பார்ப்பதற்கு ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். கோணேசர் கோயில் கோட்டைக்குள்ளே இருப்பது இதற்கு வசதியாகப் போயிற்று. கோட்டையைப் பார்ப்பதற்குத் துடக்கு இல்லை.

அடுத்தது பாதை. எங்கள் கிராமத்திலிருந்து கதிரவெளி, வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா, சீனக்குடா என்று கரையோரமாகவே போகலாம். முன்னர் இது இவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. கிண்ணியாவில் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும், அல்லது மூதூர் இறங்குதுறையிலிருந்து லோஞ்ச் எடுத்துக் கொட்டியாரக் குடாவைக் கடந்து போக வேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. "பாலத்தில பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரும் இறங்கிப் பாக்க வேணும்" என்பது கூட்டத்தில் எவரும் எதிர்க்காத ஒரே தீர்மானம்.

ஆனால் இந்தப் பாதை இவர்களுக்கு வெறும் பாதையல்ல. 2006 ஆடியில் மாவிலாற்று அணைக்கட்டை மூடியதோடு தொடங்கிய சண்டையில், மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வெருகலைக் கடந்து வாகரைக்கு வந்தார்கள். 2007 தையில் வாகரையும் விழ, எல்லோரும் சேர்ந்து தெற்கு நோக்கி நடந்தார்கள். கதிரவெளியில் 2006 நவம்பரில் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்தன. மூதூரில் அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பதினேழு தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் செய்த வேலையைத்தான் நானும் செய்கின்றேன். அந்த ஊரைக் கடக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்திவிடுவேன்.

எனவே யன்னலோர இருக்கை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டோம். சாதாரணப் பயணத்தில் யன்னலுக்குத்தான் சண்டை வரும். இங்கே ஐந்து பேர், தங்களுக்கு யன்னலோரம் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர், "வெருகல் தாண்டினா எழுப்புங்க, நான் அது மட்டும் கண்ண மூடிக்கொண்டு இருப்பன்" என்று சொன்னார்.

மூன்றாவது கூட்டத்தில் எங்கெங்கே போவது என்ற பட்டியல் வந்தது. நகரத்தின் வரலாற்றைச் சிறிது வாசித்துக்கொண்டு போயிருந்தேன். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் கோணேசர் கோயில். சுவாமிமலை எனப்படும் செங்குத்தான பாறையின் மீது இருந்த அந்தப் பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை வாசலின் கற்களில் இன்றும் மீன் சின்னமும் தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. பின்னர் 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர் பிடித்து, பின்னாளில் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். ஆழமான இயற்கைத் துறைமுகம் கையில் இருந்தால் வங்காள விரிகுடா கையில் இருந்த மாதிரி. எல்லோரும் இதற்குச் சண்டை பிடித்தது அதனால்தான். 1950 இல் கிணறு வெட்டியபோது நிலத்துக்குள் புதைந்திருந்த விக்கிரகங்கள் கிடைத்தன. கோயிலை மீண்டும் கட்டி 1963 இல் கும்பாபிஷேகம் செய்தார்கள்.

"அப்ப சாமியையும் புதைச்சுப்போட்டுத்தான் ஓடியிருக்கிறாங்க" என்றார் ஒரு அம்மா. அவர் தன் தாலிக்கொடியை மிளகாய்த் தோட்டத்தில் புதைத்துவிட்டு இடம்பெயர்ந்தவர். திரும்பி வந்தபோது தோட்டமே இருக்கவில்லை.

கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கின்றது. பஸ்ஸைக் கீழே நிறுத்திவிட்டு மேலே நடந்து போக வேண்டும். சீருடையைக் கண்டால் இன்னமும் கை நடுங்கும் பெண்கள் எங்களில் இருந்தபடியால் இதனை முன்னரே சொல்லிவைத்தேன். மரங்களின் கீழே புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும். கையில் இருக்கும் கடதாசிப் பையையும் பறித்துத் தின்னும், கவனம். கடைகள் நிறைந்த ஏற்றப்பாதை முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குக் கஷ்டம். ஆறுதலாக ஏறினால் போகலாம். மேலே கோயில், அதன் பக்கத்தில் இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பாறைப் பிளவு, அதற்குக் கீழே கடல்.

அந்தப் பாறையில் ஒரு தூண் இருக்கின்றது. பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687 ஆம் ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிப் போன காதலனைப் பார்த்தபடியே அவள் இங்கிருந்து குதித்தாள் என்பது ஊர்க்கதை. ஆனால் ஒல்லாந்து ஆவணங்களைப் பார்த்து எழுதியவர்களோ, அவள் சாகவில்லை, சில வருடங்களுக்குப் பின்னர் வேறொருவரைத் திருமணம் செய்தாள் என்கின்றார்கள்.

"குதிக்கயில்லையா? நல்ல புள்ள" என்று தலைவி அக்கா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இருபத்தெட்டு வயதில் விதவையாகி, மறுமணப் பேச்சு வந்து, ஊர் வாயால் அது குழம்பிப்போன ஒரு தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டாந்தரம் முடிச்சவள் எண்டு சொன்னா கதை கட்ட மாட்டாங்க. குதிச்சவள் எண்டு சொன்னாத்தான் கட்டுவாங்க" என்றாள். சமூகவியல் பாடத்தில் நான் இதைவிட நீளமாகவும் இதைவிடக் குறைவாகவும் எழுதியிருக்கின்றேன்.

உப்புவெளியில் உள்ள போர் மயானத்தையும் சேர்த்தோம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் அங்கே உள்ளன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. ஹேர்மிஸ் பற்றி எங்கள் மீனவக் குடும்பங்களுக்குத் தெரியும். மயானம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இத்தகைய மயானங்களில் யார் என்று அடையாளம் காணப்படாத வீரனுக்கும் தனியாக ஒரு கல் வைப்பது வழக்கம் என்று சொன்னேன். பிறகு எவரும் மறுக்கவில்லை.

மாலையில் நகரக் கடற்கரை. காந்தி சிலையடியில் 2006 ஜனவரி 2 ஆம் திகதி ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே கரையில்தான் இன்று பிள்ளைகள் பட்டம் விடுகின்றார்கள், கடலை விற்கின்றார்கள். தெரிந்துகொண்டே போவோம் என்று தீர்மானித்தோம். புறாத்தீவைப் பட்டியலில் இருந்து வெட்டினோம். படகுக் காசும் அனுமதிக் காசும் எங்கள் கைக்கு எட்டாது. நிலாவெளிக் கடலில் குளிப்பதற்குக் காசு இல்லை.

இனிக் கன்னியா. இங்கேதான் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

நகரிலிருந்து அனுராதபுர வீதியில் சுமார் எட்டுக் கிலோமீற்றரில் கன்னியா வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறிய கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இருக்காது. இறங்கிக் குளிக்க முடியாது, அள்ளி ஊற்றித்தான் குளிக்க வேண்டும். மகன் இராவணன் இறந்துவிட்டான் என்ற சேதியைக் கேட்டுத் தாய் உயிரை விட்டாள் என்றும், உயிரோடு இருந்த மகன் அவளுக்குக் கடன் செய்வதற்காக இந்த ஊற்றுகள் தோன்றின என்றும் ஒரு ஐதீகக் கதை சொல்லும். தமிழ் மக்கள் நீண்டகாலமாக அங்கே அந்தியேட்டிக் கிரியைகளைச் செய்து வந்துள்ளார்கள். அங்கு இருந்த பிள்ளையார் கோயில் தொடர்பான பிணக்கு 2019 இல் நீதிமன்றம் வரை போனதைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு மாமியும் மருமகளும் இருக்கின்றார்கள். மாமிக்கு எழுபதை அண்மித்த வயது. மகன் 2007 தையில், வாகரையை விட்டு வெளியேறிய அந்த நாட்களில், அரிசி வாங்கி வருவதாகச் சொல்லிச் சைக்கிளில் போனவர். வரவில்லை. மருமகள் அப்போது கைக்குழந்தைக்காரி. இன்று வரை பொட்டு அழிக்கவில்லை. ஒருவர் இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் குறிப்பிடும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016 இல் சட்டம் வந்தபோது, அவர் அதைத்தான் எடுத்தார். மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவி கிடைக்கும் என்று பலர் சொல்லியும் கேட்கவில்லை.

கன்னியா என்ற பெயரைக் கேட்டதும் மாமி எழுந்து நின்றார். "என்ட மகனுக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விடாம நான் கண்ண மூட மாட்டன். அங்க போனா ஐயரக் கூப்பிட்டுச் செய்ய வேணும்" என்றார்.

மருமகள் இருந்த இடத்திலிருந்தே, "அப்பிடியெண்டா நான் பஸ்ஸில ஏற மாட்டன் மாமி" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எல்லோரையும் பயப்படுத்தியது.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். பிரச்சினை வேண்டாமே என்று நினைத்து, கன்னியாவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவோம், அந்த நேரத்தில் சந்தைக்குப் போகலாம் என்று சொன்னேன். பயிற்சிப் பட்டறைகளில் எங்களுக்குச் சொல்லித்தரும் முரண்பாட்டுத் தவிர்ப்பு இதுதான். தலைவி அக்கா என்னை நேராகப் பார்த்தார். "ரெண்டு பேரும் பதினேழு வருசமா ஒரு வீட்டுக்க இருந்து இதத்தான் பேசாம இருக்கிறாங்க. இண்டைக்குத்தான் வாய் திறந்திருக்கிறாங்க. நீங்க ஏன் மிஸ் மூடுறீங்க?" என்று கேட்டார்.

எனக்கு மறுமொழி வரவில்லை.

அன்று முடிவு எதுவும் எடுக்கவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் அந்த வீட்டுக்குப் போனேன். ஆலோசனை சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன் என்பதுதான் உண்மை. மூன்றாவது கிழமை மருமகளே ஒரு வழி சொன்னார். கன்னியா இருக்கட்டும். ஐயர் வேண்டாம், பிண்டம் வேண்டாம். மாமி ஏழு கிணற்றிலும் குளிக்கட்டும். என்ன நினைத்துக் குளிக்கின்றார் என்று தான் கேட்க மாட்டேன். தான் என்ன நினைக்கின்றேன் என்று மாமியும் கேட்கக் கூடாது. மாமி வெற்றிலையை மென்றபடி, "ம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மற்ற ஏற்பாடுகள் சில்லறை வேலைகள். ஆடுகளை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் ஒரு முழுக் கூட்டம் போனது. பயணம் வராத இரண்டு பெண்களுக்குச் சங்கப் பணத்தில் ஒரு தொகை கொடுத்து அவர்களிடம் பொறுப்புக் கொடுத்தோம். தங்குமிடத்தைத் தொலைபேசியில் ஒழுங்கு செய்தபோது, மலசலகூடம் எத்தனை, கதவுக்கு உட்தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். நீங்களும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். அடையாள அட்டை, மருந்து, மாற்றுச் சீலை, துணி ஆகியவற்றோடு கன்னியாவில் அள்ளிக் குளிப்பதற்கு இரண்டு வாளிகள். முதல்நாள் மதியத்துக்குப் புளிச்சோறும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டோம். கோயிலுக்குப் போகிறவர்கள் மீனை எப்போது சாப்பிடுவது என்று பஸ்ஸுக்குள் ஒரு விவாதம் நடந்தது. மீன் பொரியல் மாலையில் கடற்கரையில்தான் திறக்கப்பட்டது.

சனிக்கிழமை விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டோம். வெருகல் பாலத்தில் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். கண்ணை மூடிக்கொள்வேன் என்றவர் மூடவில்லை, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். "அந்த மரம் இன்னும் நிக்குது" என்று மட்டும் சொன்னார். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. கிண்ணியாப் பாலத்தில் இறங்கினோம். காற்றில் சீலைத் தலைப்புகளைப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

கோட்டையைப் பற்றியும் கடலைப் பற்றியும் நிறைய எழுதலாம். துடக்கு என்று சொன்ன நால்வரும் கோட்டை மதிலோரம் மான்களோடு இருந்து, கோயிலுக்குப் போனவர்களைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகின்றேன். மறுமணக் கதை சொன்ன தங்கை, பிரான்சினாவின் தூணைத் தூரத்திலிருந்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலை கன்னியா. நேரத்தோடு போனபடியால் சனம் குறைவு. மாமி சீலைத் தலைப்பில் எள்ளு முடிந்து கொண்டுவந்திருந்ததை நான் கண்டுவிட்டேன். மருமகளும் கண்டிருப்பார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மாமி முதலாவது கிணற்றில் தொடங்கினார். மருமகள் வாளியை அள்ளி அள்ளி அவர் தலையில் ஊற்றினார். நான்காவது கிணற்றின் தண்ணீர் சூடு என்று மாமி துள்ள, ஆற வைத்து ஊற்றினார். ஏழும் முடிந்த பிறகு மருமகள் தனக்கும் ஒரு வாளி ஊற்றிக்கொண்டார். முகத்தைக் கழுவும்போது பொட்டு அழிந்தது. பஸ்ஸுக்குள் ஏறி, கைப்பையில் இருந்து எடுத்துத் திரும்பவும் வைத்துக்கொண்டார்.

மாமியின் சீலையைப் பிழிந்து யன்னலில் காயப்போட உதவினேன். தலைப்பில் முடிச்சு அப்படியே இருந்தது.

"என்னம்மா, எள்ளு?" என்றேன் மெதுவாக.

"நனைஞ்சு போச்சு. வீட்ட கொண்டுபோய்க் காயவைப்பம்" என்றார்.

திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தோம். எல்லாச் செலவும் போக எண்ணூற்று நாற்பது ரூபா மிஞ்சியது. அதில் ஐஸ்கிரீம் வாங்குவதா, அடுத்த பயணத்துக்கு வைப்பதா என்று மூதூர் வரை வாக்குவாதம். அடுத்தது யாழ்ப்பாணம் என்று சங்கப் பதிவேட்டில் தலைவி அக்கா எழுதிவிட்டார். மாமி, மருமகளின் தோளில் சாய்ந்து நித்திரையாகியிருந்தார். அவருடைய வாக்கை எண்ணவில்லை.